இ-புத்தகம் விற்கப் போகிறீர்களா? பி.டி.எப். மட்டும் போதாது

கம்ப்யூட்டர் வாங்கி, தமிழில் டைப் செய்யவும் பழகிவிட்டால் பலருக்கு ஒரு ஆசை வருகிறது. தனக்குத் தெரிந்ததை ஒரு புத்தகமாக எழுதி, அதை அச்சடிக்காமல் இ-புத்தகமாகவே விற்றால் என்ன என்பதுதான் அது. நல்ல ஆசைதான். எங்கள் பக்கத்தில் அப்படி எழுதக் கூடியவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் முப்பது ஆண்டுகள் கட்டிங் செக்ஷனில் இருந்தவர்கள், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் டிரம் அருகிலேயே காலம் கழித்தவர்கள், 1996ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகு கழிவு நீர் சுத்திகரிப்பு வேலையைக் கரைத்துக் குடித்தவர்கள் எனப் பலர். இவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் தமிழில் புத்தகமாக இல்லை. சென்னை அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் அங்கே படித்தவர்களின் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

இவர்கள் புத்தகத்தை எழுதி முடித்துவிட்டு என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பி.டி.எப். போட்டுக் குடுத்துடு தம்பி, வாட்ஸ்அப்ல அனுப்பி வித்துக்கிறேன்." பைல் என்றால் பி.டி.எப்., அனுப்புவது என்றால் வாட்ஸ்அப். இதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. பி.டி.எப். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.டி.எப். என்பது கடைசியில் செய்கிற வேலை. அதையே முதல் வேலையாக, ஒரே வேலையாகச் செய்தால் உழைப்பு வீணாகும். வாங்குபவரின் பணமும் வீணாகும்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பச்சைத் தோலை வெட் ப்ளூ ஆக்கி, பிறகு கிரஸ்ட் ஆக்கி வைத்துக் கொள்கிறோம். ஆர்டர் வந்த பிறகுதான் கறுப்பா, பிரவுனா, பளபளப்பா, மங்கலா என்று பினிஷிங் செய்கிறோம். எல்லாத் தோலையும் முதலிலேயே கறுப்பாக்கி வைத்துவிட்டு, பிறகு பிரவுன் கேட்கும் பார்ட்டியிடம் என்ன சொல்வது? யூனிகோட் தமிழில் டைப் செய்த வேர்ட் பைல்தான் உங்கள் கிரஸ்ட். இ-பப், பி.டி.எப்., கிண்டில் எல்லாம் பினிஷிங்.

பாண்ட் என்னும் பழைய தலைவலி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் விற்பனைக்கு பைல் தயாரிக்கும்போது கட்டாயம் குறுக்கே வரும். 1990களில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஆளுக்கு ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு பாண்ட் நிறுவனமும் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தது. பாமினி ஒரு மாதிரி, ஸ்ரீலிபி ஒரு மாதிரி. பிறகு தஸ்கி வந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்று தரங்கள் வந்தன. விண்டோஸ் 2000 சிஸ்டத்தில் லதா பாண்ட்டுடன் யூனிகோட் தமிழ் கிடைத்தது. 2010ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக் கொண்டது.

யூனிகோட் முறையில் "அ" என்ற எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண். எந்த பாண்ட் போட்டாலும் அது "அ" தான். பழைய முறையில் அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும்.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கரும் பழைய பாண்ட்டுகளும் எளிதில் ஓய்வு பெறுவதில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001ல் வந்தது. வேலை தெரிந்தவர்கள் கை அதிலேயே பழகிவிட்டது. அப்படி ஒரு கடையில் உங்கள் புத்தகத்தை டைப் செய்யக் கொடுத்தால், திரும்பி வரும் பி.டி.எப். பார்க்க அழகாக இருக்கும். அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒரு வரியைக் காப்பி செய்து மெயிலில் ஒட்டிப் பாருங்கள், குப்பையாக வரும். அதிலிருந்து இ-பப் செய்ய முடியாது. கிண்டிலுக்கும் கொடுக்க முடியாது.

கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டரைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். கதை, கட்டுரைக்கு இது போன்றவை நன்றாகவே வேலை செய்யும். தொழில் புத்தகத்திற்கு ஒரு எச்சரிக்கை அவசியம். பாமினியில் சதவீதக் குறி இருக்க வேண்டிய இடத்தில் "மூ" என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது. டேனரி ரெசிப்பியில் "பேசிக் குரோமியம் சல்பேட் 8%" என்று ஆங்கில பாண்ட்டுக்கு மாற்றி டைப் செய்திருப்பார்கள். அந்தப் பத்தியை அப்படியே காப்பி செய்து கன்வெர்ட்டரில் போட்டால், அதற்கு எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாது. "8மூ" என்று மாற்றித் தரும். அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.எச். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும், கெமிக்கல் பெயர்களும் இதே மாதிரி தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ஒரு நாவலில் ஒரு சொல் கெட்டால் படிப்பவர் ஊகித்துக் கொள்வார். ரெசிப்பியில் கெட்டால் ஒரு டிரம் தோல் போய்விடும். ஆகவே கன்வெர்ட் செய்த பிறகு எண், குறி, ஆங்கிலச் சொல் மூன்றையும் மூலத்துடன் ஒப்பிட்டு ஒவ்வொரு வரியாகச் சரி பாருங்கள். சிறிய புத்தகம் என்றால் யூனிகோடில் மறுபடி டைப் செய்துவிடுவதே மேல் என்பேன்.

அச்சான பழைய புத்தகம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், பக்கங்களை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டு டெக்ஸ்ட்டாக மாற்றித் தரும். பிழை திருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் முதலிலிருந்து டைப் செய்வதைவிட வேகம்.

டெக்ஸ்ட்டாக வைத்திருப்பதன் அருமைக்கு நம்மிடையே நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். எழுத்து முறை தஸ்கி, யூனிகோட் என்று மாறியபோது நூல்களையும் மாற்ற முடிந்தது. காரணம், அவர்களிடம் இருந்தது படம் அல்ல, டெக்ஸ்ட். அதே காலத்தில் வெறும் ஸ்கேன் படமாகப் போடப்பட்ட நூல்கள் இன்றும் படமாகவேதான் இருக்கின்றன.

எது எதற்கு?

சரி, யூனிகோடில் பைல் தயார். இனி எந்தப் பார்மட்?

பி.டி.எப். என்பது அச்சிட்ட தாள் மாதிரி. அடோப் நிறுவனம் 1993ல் கொண்டு வந்தது, 2008ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஆகிவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்தும் படமும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். அதுதான் அதன் பலம். பலவீனமும் அதுதான். ஏ4 அளவில் செய்த பி.டி.எப்.பை ஆறு அங்குல போனில் திறந்தால் எழுத்து எறும்பு போலத் தெரியும். விரலால் பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடதும் வலதுமாக இழுக்க வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி வண்டியில் போகிற பெண் அப்படி இழுத்து இழுத்து நாற்பது பக்கம் படிப்பாரா? காசு கொடுத்து வாங்கிவிட்டு, இரண்டு பக்கத்தோடு மூடிவிடுவார். அடுத்த புத்தகத்தை நம்மிடம் வாங்க மாட்டார்.

இ-பப் வேறு மாதிரி. திரை எவ்வளவு அகலமோ அதற்கு ஏற்றபடி வரிகள் மடிந்து கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, வரி வெளியே போகாது. நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டவர்களுக்கு இது வரப்பிரசாதம். 2007ல் இந்தப் பெயரில் தரமாக வந்தது. இது ஏதோ புரியாத சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது சாதாரண வெப் பக்கங்களும் படங்களும்தான். எல்லாவற்றையும் ஒரு ஜிப் பைலாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு இ-பப் பைலைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள இ-பப் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், நீங்களே தெரிந்து கொள்வீர்கள்.

செய்வதும் கடினமில்லை. கூகுள் டாக்ஸில் பைல் மெனுவில் டவுன்லோட் என்பதில் இ-பப் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 2018ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து நேரடியாகவே எக்ஸ்போர்ட் செய்யலாம். இன்னும் கொஞ்சம் சுத்தமாக வேண்டும் என்றால் சிகில், காலிபர் என்ற இலவச புரோகிராம்கள் உள்ளன. காலிபரை எழுதத் தொடங்கியவர் கோவித் கோயல் என்ற இந்தியர் என்பது கூடுதல் செய்தி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அத்தியாயத் தலைப்புகளை வெறுமனே பெரிய எழுத்தாக்காமல், ஹெடிங் ஸ்டைல் கொடுத்து வையுங்கள். அதை வைத்துத்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்திய அட்டவணைகள் இ-பப்பில் சிதறிவிடும். டேனரி ரெசிப்பியை ஆறு காலம் போட்டு அகல அட்டவணையாகச் செய்திருந்தால், அதைப் பிரித்துக் கெமிக்கல், சதவீதம், நேரம் என மூன்று காலத்திற்குள் கொண்டு வாருங்கள். சதவீதம் எந்த எடையின் மேல், பெல்ட் எடையா, ஷேவிங் செய்த எடையா என்பதை அட்டவணைக்கு மேலே தனி வரியாகப் போடுங்கள். போனில் அது கண்ணில் படும்.

இ-பப்புக்கு நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த இ-பப் பைலைத் தட்டினால், போனில் அதற்கான ஆப் இல்லாவிட்டால் திறக்காது. வாங்கியவர் "பைல் கெட்டுப் போச்சு" என்று போன் செய்வார். விண்டோஸ் 11லும் இதற்கென்று புரோகிராம் கூடவே வருவதில்லை. ஆகவே நான் சொல்லும் வழி, ஒரே விலைக்கு இரண்டு பைல். ஒன்று இ-பப். மற்றொன்று சிறிய பக்க அளவில் செய்த பி.டி.எப். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2013ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் திட்டத்தார் இலவசப் புத்தகங்களை இ-பப், மொபி, ஏ4 பி.டி.எப்., ஆறு அங்குல பி.டி.எப். என்று நான்காகக் கொடுத்து வந்தவர்கள். வேர்டில் பேஜ் செட்டப் போய் தாளின் அளவை அகலம் 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. என்று வைத்து, ஓரங்களைக் குறைத்து, பி.டி.எப்.பாக சேவ் செய்தால் போதும். போனில் பெரிதாக்காமலே படிக்கலாம். கூடவே நான்கு வரிக் குறிப்பு ஒன்றும் அனுப்புங்கள்: இ-பப் திறக்கப் போனில் எந்த ஆப் வேண்டும், கம்ப்யூட்டரில் எது வேண்டும் என்று. கூகுள் பிளே புக்ஸ் ஆப்பில் சொந்த இ-பப் பைலை ஏற்றிப் படிக்கலாம். கம்ப்யூட்டரில் காலிபர் போதும்.

மொபி என்ற பார்மட்டை இன்னும் சிலர் கேட்கிறார்கள். கிண்டிலுக்காக இருந்தது. 2021லேயே சாதாரணப் புத்தகங்களுக்கு மொபி பைல் வாங்குவதை அமேசான் நிறுத்திவிட்டது. கவலையே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பி.டி.எப். தவிர வேறு எதுவுமே கூடாத ஒரு இடம் இருக்கிறது. அது ஷூ பேட்டர்ன். அப்பர் வெட்டுவதற்கான வாம்ப், குவார்ட்டர், டங் வடிவங்களை உண்மை அளவில் வரைந்து, வாங்குபவர் தன் வீட்டில் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டிக் கொள்ளும்படி ஒரு புத்தகம் செய்ய நினைத்தால், அது ஏ4 பி.டி.எப்.பாகத்தான் இருக்க வேண்டும். இதில் பிரிண்ட் எடுப்பவர் செய்யும் ஒரு கிளிக்கில் எல்லாம் கெடும். பிரிண்ட் விண்டோவில் "ஃபிட்" என்ற தேர்வு இருக்கும். தாளின் ஓரத்தில் எதுவும் வெட்டுப்படாமல் இருக்கப் பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். அது 97 சதவீதமாகச் சுருங்கியதாக வைத்துக் கொள்வோம். 28 செ.மீ. நீளமுள்ள ஒரு வடிவத்தில் 8.4 மி.மீ. போய்விடும். இங்கிலீஷ் சைஸில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. எட்டாம் நம்பர் என்று நினைத்து வெட்டுவது ஏழாம் நம்பராகிவிடும்! ஆகவே "ஆக்சுவல் சைஸ்" தேர்ந்தெடுக்கும்படி முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பேட்டர்ன் பக்கத்திலும் ஓரமாகச் சரியாக 10 செ.மீ. நீளமுள்ள ஒரு கோடு போட்டு வையுங்கள். பிரிண்ட் எடுத்தவர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கத்திரிக்கோலை எடுக்கட்டும். இந்தப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். அளவுக்கு உத்தரவாதமே இல்லை. டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் பைல் உள்ளது உள்ளபடி போகும்.

கொடுப்பது எப்படி?

விற்பனைக்கு இரண்டு வழி. கடை மூலம் விற்பது, நேரடியாக விற்பது.

கடைகளில் பெரியது அமேசான் கிண்டில். 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கதவு திறந்தது. கிண்டில் கருவி இல்லாமலும் போன் ஆப்பில் படிக்கலாம். பணம் வாங்குவது, பைல் கொடுப்பது எல்லாம் அவர்கள் பாடு. தமிழுக்கு பி.டி.எப். ஏற்க மாட்டார்கள், யூனிகோட் வேர்ட் பைல் அல்லது இ-பப் வேண்டும். உங்கள் கிரஸ்ட் இங்கேயும் உதவுகிறது.

பணக் கணக்கைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த இ-புத்தகத்தை வேறு எங்கேயும் விற்கக் கூடாது, உங்கள் வாட்ஸ்அப் உட்பட. புதுப்பித்தால் இன்னொரு 90 நாள். சேராவிட்டால் 35 சதவீதம். 70 சதவீதத்திலும் பைலின் அளவுக்கு ஏற்ப டெலிவரி கட்டணம் கழிப்பார்கள். டெக்ஸ்ட் புத்தகம் என்றால் ஒரு எம்.பி.கூட வராது. போனில் எடுத்த பெரிய பெரிய போட்டோக்களைச் சுருக்காமல் உள்ளே வைத்தால், வருமானத்தில் ஒரு பங்கை நீங்களே டெலிவரிக்குக் கொடுக்கிறீர்கள்.

நாவல், சிறுகதை எழுதுபவர் தாராளமாக செலக்டில் சேரலாம். அவர் வாசகர் சென்னையிலும் இருப்பார், சிங்கப்பூரிலும் இருப்பார். யார் என்றே தெரியாது. ஸ்கைவிங் மெஷினில் கத்தியைத் தீட்டி செட் செய்வது பற்றி எழுதுபவருக்கு அது தேவையில்லை. அவருடைய வாசகர்கள் மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரை ஒரே சாலையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவர்களிடம் நேரடியாக விற்காமல் 90 நாட்கள் கையைக் கட்டிக் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நேரடி விற்பனைக்கு யு.பி.ஐ. பெரிய வசதி. 2016ல் வந்தது. நூறு ரூபாய் புத்தகத்திற்கு நூறு ரூபாயும் உடனே உங்கள் கணக்கில் விழும். புதியவர்களுக்கு இரண்டு விஷயம். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன் ஷாட்டை நம்பி பைல் அனுப்பாதீர்கள். வங்கி ஆப்பில் வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு உங்கள் பின் நம்பரை அடிக்க வேண்டிய அவசியம் ஒருபோதும் கிடையாது. அடிக்கச் சொன்னால் அது மோசடி.

பைலை இமெயிலில் அனுப்புவதாக இருந்தால் ஜிமெயிலில் 25 எம்.பி. வரைதான் போகும். வாட்ஸ்அப்பில் அதைவிடப் பெரிய பைல் போகும் என்றாலும், போனில் இடம் இல்லை என்று வாங்கியவர் அழித்துவிட்டு மறு வாரமே திரும்பக் கேட்பார். கூகுள் டிரைவில் வைத்து, வாங்கியவரின் ஜிமெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து லிங்க் அனுப்புவது எனக்குப் பிடித்த முறை. அழித்தாலும் அவரே மறுபடி எடுத்துக் கொள்வார். "லிங்க் உள்ள எவரும்" என்ற தேர்வு சுலபம்தான். ஆனால் அந்த லிங்க் மாலைக்குள் ஷிப்ட் முழுவதும் சுற்றிவிடும்.

பூட்டுப் போடலாமா?

இங்கேதான் எழுதியவர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "ஒருத்தன் வாங்கி நூறு பேருக்கு அனுப்பிட்டா என் கதி என்ன?" நியாயமான பயம். அதற்காக டி.ஆர்.எம். என்னும் பூட்டுப் போட வேண்டும், பாஸ்வேர்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன்.

பூட்டிய புத்தகம் வாங்கியவருக்குச் சொந்தமாவதில்லை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019ல் மைக்ரோசாப்ட் தன் இ-புத்தகக் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களும் அதோடு திறக்காமல் போயின. அங்கேயும் பணம் திரும்பக் கிடைத்தது, புத்தகம்தான் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். நீங்களும் நானும் பூட்டுப் போட்டு, அந்த சாப்ட்வேர் ஒரு நாள் நின்று போனால், வாங்கிய இருநூறு பேருக்கு எப்படிப் பதில் சொல்வது?

பூட்டு திருடுபவரைத் தடுப்பதும் இல்லை. திரையைப் போட்டோ எடுத்தால் முடிந்தது. டார் என்ற ஆங்கிலப் பதிப்பகம் 2012ல் தன் இ-புத்தகங்களுக்குப் பூட்டை எடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அதே 2012ல் ஹாரி பாட்டர் இ-புத்தகங்கள் விற்பனைக்கு வந்தபோது பூட்டுக்குப் பதில் வாங்கியவரை அடையாளம் காட்டும் குறி ஒன்றைப் பைலுக்குள் வைத்தார்கள்.

நமக்கும் அதுதான் பொருந்தும். இரண்டாம் பக்கத்தில் "இந்தப் பிரதி இன்னாருக்காக" என்று வாங்கியவரின் பெயரையும் விற்ற தேதியையும் டைப் செய்து, பிறகு பி.டி.எப்., இ-பப் எடுங்கள். ஒரு பிரதிக்கு இரண்டு நிமிட வேலை. வாங்கியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போன் நம்பர், முகவரி எதையும் போட வேண்டாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், தன் பெயர் போட்ட பைலை அடுத்த கம்பெனி குரூப்பில் போட யாருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். அதையும் மீறிச் சிலர் அனுப்பத்தான் செய்வார்கள். அனுப்பட்டும். இலவசமாக வந்ததைப் படித்து, அடுத்த புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவரும் இருக்கிறார். கிண்டிலிலும் பூட்டு வேண்டுமா என்று பதிப்பிக்கும்போது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு.

உருது பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது படிப்பவர்கள் நிறைய. அவர்களுக்கும் நம் பாண்ட் கதைதான். இன்பேஜ் என்ற புரோகிராமில் செய்த பழைய பைல்கள் வேறு எதிலும் சரியாகத் திறக்காததால், பக்கத்தைப் படமாக்கி அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. உருதுவிலும் இப்போது யூனிகோடில் டைப் செய்யலாம். நஸ்தாலிக் எழுத்துக்கு கூகுளின் நோட்டோ வரிசையில் இலவச பாண்ட் இருக்கிறது. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் இ-பப் 3ல் வழி செய்திருக்கிறார்கள். ஒரே ஷூ கையேட்டைத் தமிழிலும் உருதுவிலும் போட யாராவது முன்வந்தால், படங்களை ஒரு முறை வரைந்தால் போதும். இரண்டிலும் அதையே வைக்கலாம். படத்திற்குள்ளே எழுத்து எழுதாமல், 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டு, விளக்கத்தைக் கீழே டெக்ஸ்ட்டாகக் கொடுங்கள்.

விற்ற பிறகு பிழை கண்டுபிடிக்கப்படும். கண்டிப்பாக நடக்கும். அச்சுப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவார்கள். நீங்கள் மூல வேர்ட் பைலில் திருத்தி, முதல் பக்கத்தில் பதிப்பு 1.1 என்று தேதியுடன் போட்டு, இரண்டு பைலையும் மறுபடி எடுத்து, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு இலவசமாக அனுப்புங்கள். யார் எப்போது வாங்கினார் என்று எக்ஸெலில் ஒரு பட்டியல் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை. அந்த மூல பைலின் காப்பி ஒன்று பென் டிரைவிலும், ஒன்று டிரைவிலும், முடிந்தால் இன்னொன்று வேறு ஒருவரின் வீட்டிலும் இருக்கட்டும்.